சிம் போடாத போட்டி

1. இரண்டு நாள் நிற்கும்

தேவிகா மிஸ் தன் போனை ஷோகேஸ் கண்ணாடிமேல் வைத்த விதத்திலேயே, இவர் கவர் மாற்ற வரவில்லை என்று தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை. முதலாளி நஸார் ஹாஜியார் காட்டிய சாம்பிராணிப் புகை இன்னும் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா, இது ரெண்டு நாள் நிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க,” என்றார். “மத்தியானச் சோறு திங்கிறதுக்குள்ள செத்துப் போகுது. இதால எனக்கு வேலையே போகப் போகுது.”

சத்தம் போடவில்லை. சத்தம் போடும் வாடிக்கையாளரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். ஒரு ஸ்டூலும் ஒரு பிளேன்டீயும் போதும். மெதுவாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

என் பெயர் ஸ்டெல்லா. உக்குவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, மாத்தளை டவுனில் ஹாஜியாரின் போன் கடைக்குக் கவுண்டர் வேலைக்கு வந்தவள். பட்டன் போன் மட்டும் இருந்த காலத்தில் சேர்ந்தேன். இன்றும் அதே கவுண்டரில்தான் நிற்கிறேன். இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பெட்டரியின் எம்ஏஎச் கணக்கையும் சார்ஜரின் வாட்ஸ் கணக்கையும் என்னைவிட வேகமாகச் சொல்கிறார்கள். சந்தோஷம். அந்தக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது என்பதால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேவிகா மிஸ் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. படித்து, பயிற்சி முடித்து, மலைக்கு அந்தப் பக்கம் லக்கல பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாகப் போனவர். முதல் நியமனமே அங்கே. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சில மாதங்களுக்கு முன் இந்தப் போனை வாங்க வந்தபோது கமராவைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. “எது கூட நேரம் நிக்கும்?” என்று மட்டும் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டியது இதைத்தான்.

நடந்ததை அவரே சொன்னார். அவருடைய கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு, பிரசவத்துக்கு நாள் இன்னும் இருக்கும்போதே, பொழுது சாயும் நேரத்தில் வலி கண்டுவிட்டது. அன்றைக்கு நல்ல மழை. பாதை உடைந்து அம்புலன்ஸ் வர வழியில்லை. அந்தப் பெண்ணின் கணவர் சரத், மிஸ்ஸுக்குத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். போன் ஓஃப் என்றே குரல் வந்திருக்கிறது. கடைசியில் ட்ரெக்டர் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி மனைவியைக் கிடத்திக்கொண்டு போக, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சரத் சுகாதார அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். மிட்வைஃப் மிஸ் வேண்டுமென்றே போனை ஓஃப் பண்ணி வைத்திருந்தார் என்பதுதான் முறைப்பாடு. அடுத்த வாரம் விசாரணை.

“நான் ஓஃப் பண்ணல்ல அக்கா. குவாட்டர்ஸுக்கு வரும்போதே அது செத்துப் போயிருந்திச்சு. அன்னைக்குக் கரண்டும் இல்ல. பவர் பேங்கையும் பகல்லயே தின்னு முடிச்சிருந்திச்சு.”

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “வீடியோ நிறையப் பாக்கிறீங்களா மகள்?”

“வீடு வீடா நடந்து போறவ நான். வீடியோ பாத்துக்கிட்டு நடந்தா பள்ளத்துலதான் விழுவேன் ஹாஜியார்.”

பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். பெட்டரி பழுது என்று கடையின் பெயரில் ஒரு தாள் வேண்டும். அதை விசாரணையில் காட்ட வேண்டும்.

“சோதிக்காம எழுத ஏலாது,” என்றார் ஹாஜியார். “பழுதுன்னு கண்டா நானே கையெழுத்து வெச்சுத் தாரேன். ஸ்டெல்லா, இதைப் போட்டியில வைங்க.”

2. தேர் வீடியோ

தோட்டங்களில் சம்பளம் போடும் வாரத்தில் எங்கள் கடையில் பெட்டரிப் போட்டி நடக்கும். விற்பனையில் இருக்கும் போன்களை முழுதாகச் சார்ஜ் பண்ணி, பிரைட்னஸைக் கடைசி வரைக்கும் ஏற்றி, ஷோகேஸில் வரிசையாக நிறுத்துவோம். எல்லாவற்றிலும் ஒரே வீடியோ திரும்பத் திரும்ப ஓடும். எது கடைசியாக அணைகிறதோ அதுதான் முதலாம் இடம்.

அந்த வீடியோ ஊர்த் தேர்த் திருவிழா. ஹஜ் போய்வந்த மனிதர் தேர் வீடியோவைத் தேர்ந்தெடுத்ததற்கு வியாபாரம்தான் காரணம். கூட்டத்தில் தங்கள் முகம் வருகிறதா என்று பார்க்க ஆட்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். “அந்தா எங்க மாமா” என்று ஒரு குரல் எழுந்தால், அந்த ஆள் ஒரு ஹெட்செட்டாவது வாங்காமல் திரும்ப மாட்டார்.

போன்களுக்கு நாங்கள் வைத்த பெயர்கள் வேறு. கம்பனிப் பெயரும் அதற்குப் பின்னால் வரும் நம்பரும் யாருக்கு ஞாபகம் இருக்கும்? தடித்து, கனத்து, பெரிய பெட்டரியோடு இருந்தது ஆமை. மெலிந்து, முதுகு பளபளவென்று இருந்தது கண்ணாடி. ஒவ்வொரு மாதமும் ஆமைக்குத்தான் முதலாம் இடம். மற்றவை ஒவ்வொன்றாக இருண்டுபோன பிறகும் ஆமைக்குள் தேர் போய்க்கொண்டிருக்கும். கண்ணாடி எல்லாவற்றுக்கும் முன்னால் அணைந்துவிடும். ஆமையின் கீழே முதலாம் இடம் என்று நானே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தேன். தேவிகா மிஸ் வாங்கியது ஆமை.

அவர் இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். வேலைச் சிம்மையும் சொந்தச் சிம்மையும் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு போனை எங்களிடம் விட்டுப் போனார். அதை ஒரு புது ஆமைக்குப் பக்கத்தில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டோம். இரண்டும் சோடி மாடுகளைப் போலச் சேர்ந்தே போயின. கடையிலிருந்த மற்ற எல்லாப் போனும் அணைந்த பிறகு, சற்று முன்னே பின்னே இரண்டும் அணைந்தன.

ஹாஜியாருக்கு முதலில் பெருமை. விற்ற பொருள் சோடை போகவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பெருமை போய்விட்டது.

மறுநாள் மிஸ் வந்தபோது ஹாஜியார்தான் சொன்னார். “போன்ல ஒரு பிழையும் இல்ல மகள். புதுசுக்குச் சமமா ஓடுது.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

ஹாஜியார் போனைத் துடைத்து மிஸ்ஸின் பக்கம் தள்ளினார்.

“விசாரணையில இருந்து உங்களுக்குக் கோல் எடுத்துக் கேட்டா?”

“கண்டதைத்தான் செல்லணும் மகள். போன் நல்லா ஈக்கின்னுதான் செல்லணும்.” சொல் என்பது அவர் வாயில் செல் ஆகும், இருக்கு என்பது ஈக்கி ஆகும்.

பழுது என்று எழுதி வாங்க வந்தவருக்கு எதிராகவே எங்கள் ஷோகேஸ் சாட்சி சொல்லிவிட்டது. நான் அவரை நம்பினேனா என்று கேட்டால், பாதிதான் நம்பினேன். கவுண்டரில் நிற்கும்போது எல்லோரையும் பாதி நம்பப் பழகிவிடுகிறோம். தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டுவந்து, சும்மா மேசையில் இருந்தது என்று சத்தியம் செய்கிறவர்களைத்தான் நாள் முழுதும் பார்க்கிறோம்.

மிஸ் போனைக் கையில் எடுத்தார். சிம்மைப் போட்டார். “அக்கா, ஒரு நாள் எங்கூட வாங்க. நான் போற இடமெல்லாம் வந்து பாருங்க. அதுக்கப்புறமும் நான் பொய்னு பட்டா, நானே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன்.”

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். “போயிட்டு வாங்க,” என்றார். “கடைப் பேரும் இதுல ஈக்கி.”

3. கூடைக்குள் சூடு

எனக்குப் போக விருப்பமில்லை என்பதையும் எழுத வேண்டும். லக்கல பக்கத்துக்கு பஸ் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய நாள் அவ்வளவுதான். மலைமேல் ஏறி இறங்கும் பாதை எனக்கு வாந்தி வரவைக்கும். ஆனாலும் மிஸ் லீவு முடிந்து திரும்பும்போது கூடவே போனேன்.

மிஸ்ஸின் ஆமை, கடையிலிருந்து ஒரு புது ஆமை, ஒரு கண்ணாடி. மூன்றையும் முழுதாகச் சார்ஜ் பண்ணி எடுத்துக்கொண்டேன். மிஸ்ஸின் போனில் இரண்டு சிம் இருந்ததால், மற்ற இரண்டிலும் கடையின் உபரிச் சிம்களை இரண்டிரண்டாகப் போட்டேன். துவாயில் சுற்றி ஒரு பிரம்புக் கூடையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் தொடக் கூடாது, பேசக் கூடாது, படம் பார்க்கக் கூடாது. சும்மா இருந்தால் எது எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் என் திட்டம்.

ரத்தோட்டை தாண்டி பஸ் ஏறியது. உச்சியில் பனிமூட்டம், சிக்னல் மட்டும் நான்கு கோடும் நிறைந்திருந்தது. அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு திருப்பத்தில் ஒரு கோடு வரும், அடுத்த திருப்பத்தில் போய்விடும்.

கொஞ்ச நேரத்தில் என் மடி சுட்டது. சோற்றுப் பார்சல் என்றுதான் நினைத்தேன். பார்சல் மிஸ்ஸின் பைக்குள் இருந்தது. துவாயை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். மூன்று போனும் சூடு. ஆமை இரண்டும் அதிகச் சூடு.

“அது எப்பவும் அப்படித்தான் அக்கா,” என்றார் மிஸ். “இந்தப் பக்கம் வந்தா சூடாத்தான் இருக்கும். பைக்குள்ள கோழிக்குஞ்சு வச்சிருக்கிற மாதிரி.”

புதிதாக வரும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். திரை அணைந்திருக்கிறது, வீடியோ இல்லை, கேம் இல்லை, சார்ஜும் ஏறவில்லை. அப்படியிருந்தும் போன் சுடுகிறது என்றால், அது டவரைத் தேடுகிறது. டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெல்லப் பேசும். தூரமானால் கத்தும். டவரே அகப்படாவிட்டால் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கத்துகிற ஆளுக்குத்தான் சீக்கிரம் களைப்பு வரும். இரண்டு சிம் என்றால் இரண்டு பேர் கத்துகிறார்கள். இந்தத் தேடும் வேலையைக் கொஞ்சம் சிக்கனமாகச் செய்கிற போனும் உண்டு, ஊதாரித்தனமாகச் செய்கிற போனும் உண்டு. ஆமை இரண்டாம் ரகம் என்று என் மடி சொன்னது.

அப்போதுதான் எங்கள் போட்டி ஞாபகத்துக்கு வந்தது. ஷோகேஸில் இருக்கும் எந்தப் போனிலும் சிம் இருந்ததில்லை. காட்சிக்கு வைக்கும் போனுக்கு யார் சிம் போடுவார்கள்? அப்படியே போட்டாலும், டவர் எங்கள் கடைக்குப் பின்னால்தான் நிற்கிறது. இத்தனை வருடமும் நாங்கள் போனைப் போனாக வைத்துச் சோதிக்கவே இல்லை. சின்ன டிவியாக வைத்துச் சோதித்து, எந்த டிவி நல்ல டிவி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வாந்தி வராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மிஸ்ஸிடம் எதுவும் சொல்லவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

4. சோமா அக்காவின் தூண்

பஸ் நின்ற இடத்தில் ஒரு திருப்பம், ஒரு கடை. சோமா அக்கா என்ற சிங்களப் பெண்ணின் கடை. பருப்பு, சவர்க்காரம், பணிஸ், வெற்றிலை. முன் தாழ்வாரத்தில் ஒரு மரத்தூண். தூண் நிறைய ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பை தொங்கியது: பால்மா பைக்கற்று, துணிப் பை, ஒரு பிள்ளையின் பழைய காலுறை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போன்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. அந்த நேரம் ஒரு பைக்குள் மணி அடித்தது. சோமா அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார். “அவர் வயலுக்கு இறங்கிட்டார். என்ன சொல்லணும்?” கேட்டுக்கொண்டார், வைத்தார், தெருவில் போன ஒருவரிடம் செய்தியைச் சொல்லி அனுப்பினார். எல்லாம் சிங்களத்தில்தான், மிஸ்ஸும் நானும் அவரிடம் சிங்களத்திலேயே பேசினோம்.

அந்த ஊரில் சிக்னல் ஒழுங்காக நிற்பது அந்தத் திருப்பத்தில் மட்டும்தான். அதனால் காலையில் வயலுக்கும் காட்டுச் சேனைப் பயிருக்கும் போகிறவர்கள் போனைத் தூணில் மாட்டிவிட்டுப் போவார்கள். யானை இறங்கும் நேரத்துக்கு முன்னால் திரும்பி வந்து, அவரவர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

“உங்க ஆணி எது மிஸ்?” என்று கேட்டேன்.

“எனக்கு இல்ல அக்கா. அம்மாமாருங்க கோல் எடுத்து என்னென்னமோ சொல்லி அழுவாங்க. புருஷனுக்கே தெரியாத விஷயம் இருக்கும். அதையெல்லாம் இன்னொருத்தர் எடுத்துக் கேக்க விடலாமா? அதோட, போனைக் கையிலேயே வச்சிருக்கணும், ஓஃப் பண்ணவே கூடாதுன்னுதான் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க.”

நான் கூடையோடு கிளம்பியதைப் பார்த்து சோமா அக்கா சிரித்தார். “இவ்வளவையும் பள்ளத்துக்குத் தூக்கிட்டுப் போறீங்களா? ஒண்ணையாவது வச்சிட்டுப் போங்க.” புது ஆமையை அவரிடம் கொடுத்தேன். ஒரு சீனிப் பையில் போட்டுத் தூணில் மாட்டினார். சுமை குறையட்டும் என்றுதான் கொடுத்தேன். அது எவ்வளவு நல்ல காரியம் என்று மாலையில்தான் தெரிந்தது.

மிஸ்ஸோடு நடந்தேன். மருந்துப் பை, குழந்தை நிறுக்கும் தராசு, குடை. ஓடை தாண்டி ஒரு வீடு, சரிவில் இறங்கி ஒரு வீடு. கர்ப்பிணிகளின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். ஒரு பெண் மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் ஏதோ சொன்னாள். நானும் வெளியே போய் நின்றேன். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் போனை எடுத்துப் பார்த்தார். பார்த்து என்ன? கோடே இல்லை.

மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது அவருடைய ஆமை அணைந்தது. சொன்னபடியே. கண்ணாடியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எங்கள் ஷோகேஸில் ஒவ்வொரு மாதமும் கடைசி இடத்துக்கு வருவது அது.

பொழுது சாயும் முன் சோமா அக்காவின் கடைக்குத் திரும்பினோம். தூணிலிருந்த புது ஆமையை எடுத்துப் பார்த்தேன். காலையில் மாட்டியபோது இருந்ததிலிருந்து கொஞ்சம்தான் குறைந்திருந்தது. கையில் ஜில்லென்று இருந்தது. ஒரே ரகப் போன், ஒரே பெட்டரி, இரண்டிரண்டு சிம், ஒரே நாள். ஒன்று தூணில் தொங்கியது, ஒன்று பள்ளத்தில் நடந்தது. இரண்டையும் கடை வாசல் வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“மிஸ், போன்ல பழுது இல்ல. நீங்களும் பொய் சொல்லல்ல,” என்றேன். “சிக்னல் இல்லாத இடத்துல அது தேடித் தேடியே செத்துப் போகுது. பள்ளத்துல இறங்கும்போது நீங்க அதை ஓஃப் பண்ணி வச்சிருந்தா, குவாட்டர்ஸுக்கு வரும்போது உசிரோட இருந்திருக்கும். அங்க ஜன்னல்கிட்ட ஒரு கோடாவது இருக்கும்ல?”

“இருக்கும்.”

“அப்போ அன்னைக்கு அந்தக் கோல் உங்களுக்குக் கிடைச்சிருக்கும்.”

அவர் இரண்டு போனையும் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஓஃப் பண்ணினேன்னு என்மேல முறைப்பாடு,” என்றார். “ஓஃப் பண்ணாததாலதான் எல்லாம் நடந்திருக்கு.”

பின்னால் ஒருவர் தன் பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு நின்றார். சோமா அக்காவின் முகம் மாறியதிலேயே யாரென்று தெரிந்தது. சரத்.

மிஸ் எழுந்து நின்றார். நடந்ததை அவரே சிங்களத்தில் விளக்கினார். கெஞ்சவில்லை. சரத் முழுதும் கேட்டார்.

“செத்துப் போச்சோ, ஓஃப் பண்ணினீங்களோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்,” என்றார். “ரெண்டுக்கும் அந்தக் குரல் ஒரே பேச்சைத்தான் சொல்லுது. நான் ட்ரெக்டர்ல கொண்டு போனேன்.”

போய்விட்டார். அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

5. இரண்டு ஆமைகளும் ஒரு விதியும்

விசாரணைக்கு நானும் போனேன். ஹாஜியாரே அனுப்பினார். “கண்டதைச் செல்லுங்க, கூட்டிச் செல்லாதீங்க” என்பதுதான் அவர் தந்த புத்தி.

விசாரித்தவர் மிஸ்ஸுக்கு மேலதிகாரியான ஒரு பெண் டொக்டர். நல்ல மனுஷி. ஒருவரையும் இடைமறிக்கவில்லை. சரத் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு ஆமைகளையும் மேசையில் வைத்து, தூணையும் பள்ளத்தையும் பற்றிச் சொன்னேன்.

“அப்படின்னா இவங்க என்ன செஞ்சிருக்கணும்?” என்று டொக்டர் கேட்டார்.

“சிக்னல் இல்லாத இடத்துல போனை ஓஃப் பண்ணியிருக்கணும் டொக்டர்.”

“ஓஃப் பண்ணினாங்கன்னுதானே இந்த விசாரணையே.”

“ஆமா டொக்டர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க சொல்றது எனக்கு விளங்குது. ஆனா வேலை நம்பர் எந்த நேரமும் ஓன்ல இருக்கணும். அது விதி. அதை மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல. அடுத்த மழைக்கும் இதே கதைதானே?”

அவர் கேட்டது நியாயம். இவ்வளவு தூரம் போய் போனின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று பட்டது.

தேவிகா மிஸ்தான் பேசினார். “வேலை நம்பர் ஓன்லயே இருக்கட்டும் டொக்டர். அது என் கையிலதான் இருக்கணும்னும் விதியில இருக்கா?”

டொக்டர் நிமிர்ந்தார். “வேற எங்க இருக்கும்?”

“சோமா அக்கா கடைத் தூண்ல. வேலைச் சிம்மை ஒரு சின்ன போன்ல போட்டு மாட்டுறேன். நான் அவங்ககிட்டப் பேசிட்டேன். கோல் வந்தா எந்த வீடு, இப்பவா நாளைக்கா, இந்த ரெண்டு மட்டும்தான் கேப்பாங்க. வேற ஒரு சொல் கேக்க மாட்டாங்க. இப்பன்னு சொன்னா, அன்னைக்கு நான் எந்தப் பக்கம் போயிருக்கேனோ அந்தப் பக்கம் ஆள் அனுப்புவாங்க. திரும்பி வரும்போது போனை நான் எடுத்துக்கிட்டுப் போவேன்.”

டொக்டர் சரத்தைப் பார்த்து, “உங்களுக்கு இது சரியா?” என்று கேட்டார்.

“எடுக்கிறதுக்கு யாராவது ஒருத்தர் இருந்தாச் சரி,” என்றார் சரத்.

வேண்டுமென்றே ஓஃப் பண்ணியதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவாயிற்று. ஆனாலும் ஒரு எச்சரிக்கை பதிவானது. நிரந்தரமாவது சில மாதம் தள்ளிப்போனது. வேலை போகவில்லை. வெளியே வந்ததும் மிஸ் வாங்கில் உட்கார்ந்து அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

6. ஆணி

ஹாஜியார் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பட்டன் போனை எடுத்துத் தந்தார். ஆமையை விற்றதற்குப் பரிகாரம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை மிஸ்ஸிடம் கொடுக்கும் சாக்கில் மறுபடியும் அந்த பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை வாந்தி எடுத்தேன்.

தூணில் இடம் இருக்கவில்லை. எந்தப் பையை நகர்த்தலாம் என்று சோமா அக்காவும் மிஸ்ஸும் பேசிக்கொண்டிருக்கும்போது சரத் வந்தார். கையில் சுத்தியல், பல்லுக்கிடையில் ஒரு நீள ஆணி. யாரிடமும் கேட்கவில்லை. சோமா அக்கா குள்ளம். அவர் எட்டி எடுக்கும் உயரத்தில், மற்ற ஆணிகளுக்கெல்லாம் கீழே, அடித்தார்.

“முறைப்பாட்டை நான் திருப்பி வாங்க மாட்டேன் மிஸ்,” என்றார், ஆணியைப் பார்த்துக்கொண்டே. “எம் பொம்பள அந்தப் பெட்டிக்குள்ள கெடந்து கத்தினது எனக்கு மறக்காது.”

“வாங்க வேணாம்,” என்றார் மிஸ்.

“இது உங்க ஆணி. வேற யாராவது பை மாட்டினா நான் கழட்டி எறிவேன்.”

அவருடைய மனைவி தாழ்வாரத்து நிழலில் பிள்ளையோடு நின்றாள். மிஸ்ஸைப் பார்த்து, இவனுக்கு அடுத்த ஊசி எப்போது என்று கேட்டாள். மிஸ் பையிலிருந்து தராசை எடுத்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்து, நல்லா ஏறியிருக்கான் என்றார்.

கடையில் போட்டி இப்போதும் நடக்கிறது. “நிப்பாட்ட ஏலாது, ஆக்கள் தேர் பாக்க வாராங்க” என்கிறார் ஹாஜியார். ஆனால் எல்லாப் போனுக்கும் சிம் போட்டுத்தான் வைக்கிறோம். ஆமையின் கீழிருந்த சிவப்பு ஸ்டிக்கரை நானே சுரண்டி எடுத்தேன். கண்ணாடிக்கும் ஒட்டவில்லை.

பிள்ளைகளே, எது கூட நேரம் நிற்கும் என்று ஒருவர் கேட்டால் உடனே கையை நீட்டிக் காட்டாதீர்கள். பகலில் எங்கே இருப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். மலைக்கு இந்தப் பக்கம், யட்டவத்தையில் கடை வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு ஆமை தங்கம். அவருக்குத் தாராளமாக விற்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் நடக்கிறவர் என்றால், சிக்னல் போகும் இடத்தில் போனை அணைத்து வைக்கச் சொல்லிக் கொடுங்கள். போன் விற்கிற கடையில் நின்றுகொண்டு போனை ஓஃப் பண்ணச் சொல்கிறாயே என்று முதலாளி முறைப்பார். எங்கள் முதலாளியும் முறைத்தார். பிறகு பழகிவிட்டார்.

போன வாரம் ஒரு மத்தியானம் தேவிகா மிஸ்ஸின் சொந்த நம்பருக்கு அழைத்தேன். நீங்கள் அழைத்த இலக்கம் செயலிழந்துள்ளது என்று அந்தக் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. நல்லது என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். கடை மூடும் நேரம் மறுபடி அழைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.